‘வரட்டும்’ என்றது யார்

“நீங்கதானம்மா சொன்னிய, வரட்டும்னு,” என்றான் கிப்சன், சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். பியூலாவின் காதில் முதலில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். வரட்டும். யார் வரட்டும் என்று கேட்பதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆறு மாதமாக மகன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான், அவளும் விடாமல் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவந்தது அந்த ஒன்றுக்குத்தான். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி, ஊர் முடிந்து, கார் தூத்துக்குடி நாலுவழிச் சாலையில் ஏறியிருந்தது. வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் அட்டை மாதிரி ஒட்டிக்கிடந்தது. மடியிலிருந்த பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள், தண்ணீர் போன தடமே தெரியவில்லை. “நான் எப்பம்ல சொன்னேன்?” என்றாள். “ரெகவரி ரூம்ல. டெஸ்ட் முடிஞ்சு கொண்டுவந்து படுக்க வச்சிருந்தாங்கள்லா, அப்பம். கண்ணு முழிச்சுதான் இருந்திய. தண்ணி கேட்டிய. நர்ஸ் பிள்ளைகிட்ட உனக்கு டிரைவிங் லைசென்ஸ் இருக்காட்டி, இல்லன்னா நம்ம ஸ்கூலுக்கு வான்னு சொன்னிய. எல்லாம் தெளிவாத்தான் பேசுனிய. அப்பாவக் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டேன். வரட்டும்னிய. நாசரேத்து அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். சாயங்காலம் மச்சான் கார்ல கொண்டுவந்து நம்ம வீட்டுல விட்டுருவான்.” நர்ஸிடம் லைசென்ஸ் பற்றிக் கேட்டது அவள் பேச்சேதான், வேறு யாரும் கேட்கமாட்டார்கள். அதுதான் பயமாக இருந்தது. அவன் இட்டுக்கட்டவில்லை. அங்கே ஒருத்தி அவள் குரலில், அவள் வாயால், அவளுக்கே உரிய கிறுக்குத்தனத்தோடு பேசியிருக்கிறாள், அவளுக்குத் தெரியாமல்.

அந்த இடத்தைத் தேடிப்பார்த்தாள். ஊசிக்கு முந்தின ஞாபகமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. குடலைக் கழுவ முந்தின நாள் குடித்த உப்புத் தண்ணீரின் குமட்டல், முதுகுப் பக்கம் முடிச்சுப் போடும் பச்சை அங்கி, மயக்க மருந்து டாக்டர் நஸ்ரின், சின்னப் பெண், மூக்குத்தியை மறைத்து மாஸ்க். புறங்கையில் ஊசியைச் செருகிக்கொண்டே அந்தப் பெண் சொன்னது வரிக்கு வரி இருக்கிறது. ‘முழுசா தூங்கிட மாட்டீங்கம்மா. கூப்பிட்டா திரும்புவீங்க, கேட்டா பதில் சொல்வீங்க. ஆனா அப்புறம் எதுவும் ஞாபகம் இருக்காது. பேசுறவர் பேசிட்டே இருப்பார், எழுதி வைக்கிறவர் மட்டும் லீவுல போயிருவார். இன்னொரு ஊசி குடல் துடிக்காம இருக்க, அதுல வாய் வறளும், பயப்படாதீங்க.’ பிறகு கிப்சனையும் பக்கத்தில் கூப்பிட்டு இருவருக்கும் பொதுவாகச் சொன்னாள். ‘இன்னைக்கு முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது, முக்கியமான முடிவு எதுவும் எடுக்கக் கூடாது.’ டியூப் லைட்டின் ஒரு முனை கறுத்திருந்தது. அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது, கார் ஸீட். கிப்சன் பெல்ட்டை இழுத்து மாட்டிவிடுகிறான். நடுவில் ஒன்றும் இல்லை. தூக்கம் என்றால் தூங்கி எழுந்த கனமாவது இருக்கும், இருட்டு என்றால் இருட்டாவது இருக்கும். இது அப்படி இல்லை. வெட்டிய துணியை நூல்கூடத் தெரியாமல் ஒட்டித் தைத்த மாதிரி, கறுத்த டியூப் லைட்டுக்குப் பக்கத்திலேயே கார் ஸீட். வேறு எதெல்லாம் போயிருக்கிறதோ? அவசரமாகத் தன்னைத்தானே சோதித்தாள். கடைசியாக எட்டுப் போடச் சொல்லிக்கொடுத்த பெண் பெயர் சஹாயமேரி, இடது பக்கம் திருப்பும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள். இருக்கிறது. சிவப்பு வட்டத்துக்குள் குறுக்கே கோடு போட்ட ஹாரன், இருக்கிறது. பதிமூன்றாம் வாய்ப்பாடு, ஞாயிற்றுக்கிழமைப் பாடலின் ஆல்ட்டோ சுரம், கேஸ் சிலிண்டர் புக் செய்யும் நம்பர், எல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றன. வீட்டில் ஒரு சாமான் குறையவில்லை. ஒரே ஒரு மத்தியானத்தைத்தான் யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், அதற்குள்தான் அவன் அந்தச் சொல்லை வைத்திருக்கிறான்.

வல்லநாட்டுக்கு முன்னால் லாரி ஒன்று இன்டிகேட்டர் போடாமல் வலப்பக்கம் ஒதுங்கியது. கிப்சன் பார்ப்பதற்குள் அவளுடைய இடது கால் கிளட்சையும் வலது கால் பிரேக்கையும் தொட்டுவிட்டன. ‘பியூலா டிரைவிங் ஸ்கூல், பெண்களுக்கு மட்டும்’ என்று கதவில் எழுதிய கார், கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு ஜோடி பெடல் உண்டு. “அம்மா, நான் பாத்துட்டேன்,” என்றான் எரிச்சலாக. காலை எடுத்தாள். கால் யாரையும் கேட்கவில்லை என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த ஊசி இந்தக் கால்வரைக்கும் எட்டவில்லை. முப்பத்தெட்டு வயதில், ஊரே சிரிக்கச் சிரிக்க, பழைய துறைமுகச் சாலையில் உப்பளத்துக் காற்றில் கற்றுக்கொண்ட கால் இது. ஏன் கற்றுக்கொண்டாள்? தனசிங் போன பிறகு, வாய் பேச முடியாத ஒரு காரியத்தை அவள் கையும் காலும் செய்ய வேண்டியிருந்தது. தனசிங். கணவனை மனசுக்குள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு நான்கு வருடம் பிடித்தது, அதற்கு முன்னால் அத்தான்தான். சபை அலுவலகத்து நீள மேஜை, மின்விசிறியின் கடகடச் சத்தம், போதகர் ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், சுற்றிலும் கமிட்டி ஆட்கள் ஏழெட்டுப் பேர். திருப்பூரில் ஒரு பெண்ணோடு வீடெடுத்துவிட்டவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்து, அந்த நல்ல குரலில், பாடகர் குழுவில் டெனர் பாடும் குரலில், தணிவாகச் சொன்னான். ‘பியூலாவே போகச் சொல்லிட்டா ஐயரே. ரெண்டு பேரும் பேசித்தான் முடிவெடுத்தோம். அவளுக்கும் சம்மதந்தான்.’ எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மேஜை விரிப்பின் நுனியை மடித்துக்கொண்டிருந்தாள். பதினொரு வயதுப் பையன் வெளியே மரத்தடியில் நிற்கிறான். பேசினால் குரல் உடையும், குரல் உடைந்தால் அழுகை வரும், அழுதால் தனசிங் ஜெயித்துவிடுவான் என்று நினைத்தாள். பேசவில்லை. பேசாததையே சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம் எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை மீன்கடையில், ‘நீதான் போகச் சொன்னியாமே’ என்று. அவள் சொல்லாத சொல் அவளுக்கு முன்னாலேயே எல்லா வீட்டுக்கும் போய் உட்கார்ந்திருந்தது. இப்போது இன்னொன்று வந்திருக்கிறது. போகச் சொன்னதும் அவள், வரச் சொன்னதும் அவள். அப்பன் முதலாவதைச் சொன்னான், மகன் இரண்டாவதைச் சொல்கிறான். நடுவில் அவள் எங்கே இருந்தாள்?

மான் படம் போட்ட மஞ்சள் பலகை வந்து போனது. இந்த வெயிலில் மான் எங்கே வரப்போகிறது. “அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லம்மா,” என்று ஆரம்பித்தான் கிப்சன். இது அவனுடைய பழைய பாட்டு. திருப்பூர்க்காரி போய்ச் சேர்ந்தாள், கை நடுக்கம் வந்தது, நடுக்கத்துக்கு மாத்திரை, நாசரேத்தில் அக்கா வீட்டு மூலையில் கட்டில். ‘பியூலா எங்க, ஸ்கூல்ல இருந்து பையன் வந்துட்டானா’ன்னு கேக்காரும்மா, சண்டை போட்டது, விட்டுட்டுப் போனது, ஒண்ணும் தெரியல, குழந்தை மாதிரி ஆயிட்டார். ஒவ்வொரு தடவையும் இதைக் கேட்கும்போது அவள் நெஞ்சுக்குள் ஒரு எலி ஓடும். அது இரக்கம்தான், வேறு பெயர் சொல்லி ஏமாற்றிக்கொள்ள முடியாது. காலையில் ஊசி போட்ட டாக்டரிடம் அவளே கேட்டாள், யாருக்கு என்று சொல்லாமல். கை நடுக்கத்துக்குப் போடுற மாத்திரையால மறதி வருமா டாக்டர்? ‘வரும்மா. வயசானவங்களுக்கு நல்லாவே வரும். வாய் உலரும், ஆள் குழம்பும், காலையில சொன்னது மத்தியானம் நிக்காது. மாத்திரைய மாத்திப் பாக்கச் சொல்லுங்க, நிறைய பேருக்குத் தெளியும். ஆனா பழசை அப்படியே துடைச்சு எடுத்துரும்னு நான் சொல்லமாட்டேன்.’ பழசைத் துடைக்காது. அப்படியென்றால் நடிக்கிறானா? இல்லை, நிஜமாகவே குழம்பித்தான் கிடக்கிறானா? இரண்டும் பாதிப்பாதியாக இருக்கலாம், குழப்பம் வசதியாக இருந்தால் அதிலேயே படுத்துக்கொள்வதும் ஒரு சுகம்தான். சரி, நிஜமாகவே மறந்துவிட்டான் என்றே இருக்கட்டும். அவன் மறந்ததற்கு அவள் ஏன் மறக்க வேண்டும்? ஒருவன் மாத்திரை போட்டுக்கொண்டால் இன்னொருத்தியின் கணக்குத் தீர்ந்துவிடுமா? செய்தவனுக்கு மறந்துபோனால் நடந்தது நடக்காமல் போய்விடுமா? அந்த மேஜை விரிப்பில் நீலப் பூவேலை இருந்தது. அதைச் சொல்ல உலகத்தில் இப்போது அவள் ஒருத்திதான் மிச்சம் என்றால், அவள் அதை இன்னும் இறுக்கமாகத்தான் பிடித்துக்கொள்வாள்.

ஆனாலும் அந்த வரட்டும் விடவில்லை. தொண்டையில் மீன் முள் மாதிரி. ஒருவேளை அதுதான் நிஜமாக இருந்தால்? போதையில் வருவதுதான் உண்மை என்று ஊரெல்லாம் சொல்கிறதே. காவல் காப்பவளுக்கு ஊசி போட்டுத் தூங்கவைத்ததும் உள்ளேயிருந்து ஒருத்தி எழுந்து வந்து கதவைத் திறந்திருக்கிறாளோ? ஒருத்தி இருக்கத்தான் செய்கிறாள். கல்யாணமான புதிதில் பேக்கரியிலிருந்து மக்ரூன் வாங்கி, உடையாமல் இருக்கச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் வருவான். வந்து சேரும்போது பாதி தூளாகியிருக்கும். தூளை உள்ளங்கையில் கொட்டி, நீ திண்ணு பியூலா, என்பான். அந்த உள்ளங்கையின் உப்பு இப்போதும் நாக்கில் வருகிறது, இந்த வறண்ட நாக்கிலும். அந்தப் பியூலாதான் வரட்டும் என்றாளோ? அவளை என்ன செய்வது? அவளைத் திட்ட முடியவில்லை. ஆனால் அவள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தவள் இல்லை. இருட்டில் பையனுக்கு ஜுரம் வந்தபோது ஆட்டோ கிடைக்காமல் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவள் இல்லை. அவளிடம் மட்டும் கேட்டு வாங்கிய சொல், பாதி வீட்டிடம் வாங்கிய சொல். பியூலா என்பவள் எல்லாரும் சேர்ந்துதான். கூட்டமே கூடாமல் ஒருத்தியைப் பிடித்துத் தலையாட்டச் சொன்னால் அது தீர்மானம் ஆகுமா? “டாக்டர் என்னல சொன்னார், என் வயித்துல?” என்று திடீரென்று கேட்டாள். “ஒண்ணும் இல்லன்னு சொன்னார்மா. மூலந்தானாம். உங்ககிட்டயே நேராச் சொன்னார், நீங்க சிரிச்சிய, கையெடுத்துக் கும்பிட்டிய.” அதுவும் அவளிடம் இல்லை. மூன்று மாதமாக ரத்தத்தைப் பார்த்துப் பயந்து பயந்து செத்தவளுக்கு, ஒன்றுமில்லை என்ற சொல் கிடைத்த நிமிஷம்கூடக் கைக்கு வரவில்லை. அதையும் இவன் வாயிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதை நம்பினால் இதையும் நம்பத்தானே வேண்டும் என்று ஒரு குரல். இல்லை, அது டாக்டர் சொன்னது, காகிதம் இருக்கிறது, நாளைக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளலாம். இது அவள் சொன்னது. அவளைத்தான் கேட்க வேண்டும், அவளோ அங்கே இல்லை.

“என்னம்மா யோசிக்கிய?” என்று கிப்சன் அவளுடைய வலது கையைப் பிடிக்க எட்டினான். விரல் பட்டதும் கை தானாக விலகி மார்போடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பேருமே அந்தக் கையைப் பார்த்தார்கள். அவன் தொட்டு அவள் விலகியதில்லை, முப்பது வயதிலும் அவன் தலையைத் தடவிக்கொண்டு டிவி பார்ப்பவள். கைக்கு எதுவோ தெரிந்திருக்கிறது. அவளிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறது. கூர்ந்து நினைத்தாள். ஒரு துண்டு வந்தது, கிழிந்த படத்தின் மூலை மாதிரி. உதட்டில் ஈரப் பஞ்சு. பச்சைத் திரை. கையை யாரோ பிடித்திருக்கிறார்கள். ‘சொல்லுங்கம்மா. சரின்னு சொல்லுங்க.’ பிறகு ஒன்றுமில்லை. இது நடந்ததா, இல்லை அவன் சொன்னதை வைத்து மனசு இப்போது தைத்துக்கொண்ட துணியா? தெரியவில்லை. பலவந்தமாக இழுத்தால் பஞ்சு வெள்ளையாகிறது, இன்னும் இழுத்தால் இளஞ்சிவப்பாகிறது, அவள் கேட்டபடியெல்லாம் நிறம் மாறுகிறது. அப்படிப்பட்டதை நம்பக் கூடாது. விட்டுவிட்டாள். ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும். அதை அடைக்க வேண்டியது அவள் வேலை இல்லை. ஓட்டையைக் காட்டி, அதற்குள் உன் சம்மதம் கிடக்கிறது என்கிறவன்தான் கைவிட்டு எடுத்துக் காட்ட வேண்டும்.

வாகைக்குளம் வரப்போகிறது, அதைத் தாண்டினால் வீடு பக்கம். கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் வண்டி இல்லை. “இடப்பக்கம் ஒதுக்கு,” என்றாள். “என்னம்மா, வாந்தி வருதா?” “ஒதுக்குல.” அவன் தயங்கினான். அவள் கால் மெதுவாக, ஒரு குலுக்கல் இல்லாமல், காரை நிறுத்தியது. வேப்பமர நிழல் பாதி பானெட்டில் விழுந்திருந்தது. “இப்பம் கேளு. அங்க கேட்டத இங்க கேளு.” கிப்சன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். “அதான் சொல்லிட்டியள்லாம்மா.” “நான் சொல்லல. என் வாய் சொல்லிருக்கு. நான் கேக்கேன், எத்தன தடவ கேட்ட?” அவன் பெல்ட்டின் நுனியைத் திருகினான். “உண்மையச் சொல்லு. உன்ன அடிக்கமாட்டேன்.” அவனுக்குச் சிரிப்பு வருவது போல் வந்து முகம் கோணியது. “நிறைய தடவ,” என்றான். “மொதல்ல வேண்டாம்னிய. கொஞ்சம் நேரம் கழிச்சு, எங்க இருக்கேன், டெஸ்ட் முடிஞ்சுதான்னு திரும்பக் கேட்டிய. நான் கேட்டதே உங்களுக்கு ஞாபகம் இல்ல. அதனால திரும்பக் கேட்டேன். திரும்பவும் வேண்டாம்னிய. அப்படியே... ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்குற மாதிரி முழிச்சிய, ஒவ்வொரு தடவையும் வேண்டாம்னிய. கடைசில களைச்சுப் போயி வரட்டும்னிய. அதோட விட்டுட்டேன்.” சொல்லிவிட்டுக் கையால் முகத்தைத் துடைத்தான். “நான் என்னம்மா செய்ய? எங்க வீடு மூணாவது மாடி, சின்னப் பிள்ளைய ரெண்டு, உங்க மருமகளும் வேலைக்குப் போறா. அவரப் பாத்தா பாவமா இருக்கு. அவரு என் அப்பா.”

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ வேறு. எழுதி வைப்பவன் லீவில் போய், காவலும் படுத்து, நேற்று எது இன்று எது என்று தெரியாத அந்த நேரத்தில், துணைக்கு ஒருவர் இல்லாமல் அந்தக் கட்டிலில் கிடந்தவள், கேட்கக் கேட்க வேண்டாம் என்றிருக்கிறாள். முந்தின ‘வேண்டாம்’ எதையும் அவளுக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து தோண்டி எடுத்துச் சொல்லியிருக்கிறாள். அங்கே ஒருத்தி இருந்தாள். சும்மா இருக்கவில்லை, சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எடீ, என்று அவளை மனசுக்குள் தட்டிக்கொடுத்தாள். களைத்துப்போனது குற்றமில்லை. “வேண்டாம்,” என்றாள் சத்தமாக. கிப்சன் நிமிர்ந்தான். கடைசி ஆயுதத்தை எடுத்தான். “இன்னைக்கு எந்த முடிவும் எடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்கள்லாம்மா. அப்பம் இதுவும் செல்லாதுல்லா.” ஒரு கணம் அவளுக்கே இடறியது. நாக்கு மறுபடி அண்ணத்தில் ஒட்டியது. தண்ணீரைக் குடித்தாள், ஈரம் இப்போது கொஞ்சம் நின்றது. “வரட்டும்ங்கிறதுதான்ல இன்னைக்கு எடுத்த முடிவு. அது செல்லாது. வேண்டாம்ங்கிறது இன்னைக்கு எடுத்தது இல்ல. பத்தொன்பது வருசமா உள்ள கிடக்கு. அந்த ஊசியால அதத் தொட முடியலன்னு இப்பம் நீதான சொன்ன? சந்தேகம்னா நாளைக்குக் கேளு. அடுத்த வாரம் கேளு. நான் முழிச்சிருக்கும்போது கேளு. ஆனா அவரு இன்னைக்கு என் வீட்டு வாசல்ல வந்து இறங்கக் கூடாது. உன் அப்பாவ உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நல்ல டாக்டராக் கூட்டிட்டுப் போயி அந்த மாத்திரைய மாத்தச் சொல்லு. பிள்ளையள என்கிட்ட விட்டுட்டு வேலைக்குப் போங்க, நான் பாத்துக்கிடுதேன். அதுக்கு மேல என்கிட்ட கேக்காத.” கிப்சன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். பிறகு, “சரிம்மா,” என்றான். “எங்க வீட்டுக்கே கூட்டிட்டு வரச் சொல்லுதேன்.” “நீ சொல்ல வேண்டாம். நம்பரப் போட்டுக் குடு.”

மணி போய்க்கொண்டே இருந்தது. நாசரேத்து அத்தைதான் எடுத்தாள், பியூலாவின் குரலைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் போனைக் கைமாற்றினாள். மூச்சு கேட்டது. “பியூலாவா?” அந்த டெனர் போயிருந்தது, உலர்ந்த நாக்கு சொற்களில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. அவளுடைய நாக்கு மாதிரியே. “கிளம்பிட்டேன் பியூலா. சட்டை போட்டுட்டேன். நீ வரச் சொன்னியாமே.” “நான் சொல்லல,” என்றாள். “தம்பி சொன்னானே.” “ஊசி போட்டுக் கிடக்கும்போது கேட்டு வாங்கியிருக்கான். முழிச்சிருக்கிற நான் சொல்லுதேன், நீங்க என் வீட்டுக்கு வர வேண்டாம். அவன் வீட்டுக்குப் போங்க, அவன் பாத்துக்கிடுவான்.” கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. “எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல பியூலா. மாத்திரை போட்டுப் போட்டு எல்லாம் போயிட்டு. நான் என்ன செஞ்சேன்னே தெரியல.” எலி ஒருமுறை ஓடியது. ஓடட்டும் என்று விட்டாள். “சபையில வச்சு, நான்தான் உங்களப் போகச் சொன்னேன்னு சொன்னிய. எனக்கும் சம்மதம்னு சொன்னிய. ஐயர் இருந்தார், எல்லாரும் இருந்தாங்க,” என்றாள். குரல் உடையவில்லை. போனை வலது காதுக்கு மாற்றினாள். பிறகு அந்தக் காய்ந்த குரல், கொஞ்சம் குழந்தைத்தனமாக, கொஞ்சம் குற்றம் சாட்டுகிற மாதிரி, வந்தது.

“அன்னைக்கு நீ வாயே திறக்கலையே, பியூலா.”

கிப்சன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவனுக்கும் கேட்டிருந்தது. அவன் முகம் மெல்ல மெல்ல வெளிறுவதை அவள் பார்த்தாள், அதில் அவளுக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

“திறக்கல. இப்பம் திறந்திருக்கேன்லா, கேட்டுக்கிடுங்க. வர வேண்டாம்,” என்றாள். போனை மகனிடம் கொடுத்தாள். “எடு வண்டிய. கண்ணாடியப் பாத்து எடு.”